பெரிய சிவப்பு வட்டம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்கிறார்கள்.

லில்லி. என் தங்கை. மேடையில் நின்றிருந்தாள்.

வசந்தா மேடம். லில்லியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. முன்வரிசை ஓரம்.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. முன்வரிசை நடு.

பாத்திமா. என் மனைவி, பாத்திமா மாதா பேர். பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

சூசை மாமா. அம்மாவுடைய தம்பி. யாரும் கூப்பிடவில்லை, வந்திருந்தார்.

மாணவர்கள் இருபது இருபத்தைந்து பேர். பாதிப் பேர் சமோசாவுக்காக வந்தவர்கள்.

டீக்காரர். கதவுக்கு வெளியே கேனை வைத்துக்கொண்டு நின்றார்.

நான். அந்தோணிசாமி. எட்டாம் வகுப்பு வரை. மூன்றாவது வரிசை. மடியில் பொன்னாடைப் பை.

சீர்காழிக்காரன் அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டியவன் அவன்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அன்றைக்கு லில்லிக்கு வைவா. முனைவர் பட்டம் வாங்குகிறவர்கள் கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று தங்கள் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். தேர்வாளர் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். குடும்பமும் போகும். முடிந்ததும் டீ, சமோசா, ஸ்வீட், பொன்னாடை. (அவையெல்லாம் என் பொறுப்பு. கும்பகோணத்தில் சொல்லி வைத்து ஸ்வீட் பாக்ஸ் வாங்கியிருந்தேன். ஆராய்ச்சி மட்டும் அவள் பொறுப்பு.)

லில்லியின் ஆராய்ச்சி என்ன என்று ஊரில் கேட்பார்கள். பொய்ச் செய்தி கைபேசியில் எப்படிப் பரவுகிறது என்பது. "அதுக்கு எதுக்குக் காலேஜு, நம்ம டீக்கடையில வந்து உக்காந்தாப் போதாதா" என்பார் சூசை மாமா. அவள் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். விட்டுவிட்டு இதற்கு வந்தாள். ஆறு வருடம். எழுதி அனுப்பிய கட்டுரைகளில் பாதி திரும்பி வந்தன. ஒன்றுக்கு ஜெர்மனி போய்ப் பேசிவிட்டு வந்தாள். எழுத்தில் வரும் பொய்யை மெஷின் கண்டுபிடித்துவிடுமாம். குரலில் பேசி அனுப்பினால், அதுவும் நம் பக்கத்துப் பேச்சில் பேசி அனுப்பினால், மெஷினுக்குப் புரியாதாம். அதைப் புரியவைத்தாள். நெல் பயிரிடுகிற எங்கள் ஊர்களில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். மைக்கை அமுக்கிப் பேசிவிடுவார்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். பட்டம் கையில் இருக்க வேண்டும். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதனால் அன்றைய வைவா தவறக் கூடாது. தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

இனி என்னைப் பற்றி. நான் அதிகம் பேச மாட்டேன். பெண் பார்க்கப் போன அன்று நான் பேசியது மொத்தம் "காபி போதும்" என்று பாத்திமா கணக்குச் சொல்வாள். ஆனால் கைபேசி வந்த பிறகு எனக்கு ஒரு வசதி கிடைத்தது. பேசாமலே பேசலாம். வருவதைத் தள்ளிவிட்டால் போதும். காலையில் டிராக்டருக்கு டீசல் ஊற்றுவதற்குள் பத்துப் பதினைந்து தள்ளிவிடுவேன். குடும்ப குரூப், மாதா கோவில் அன்பியம் குரூப், விவசாயிகள் குரூப், எட்டாம் வகுப்பு குரூப். எலுமிச்சம்பழம் எந்த நோயைக் குணமாக்கும், எந்த பேங்க் மூடப் போகிறது, எந்த நடிகர் செத்துப் போனார். (அவர் இன்னும் நடிக்கிறார்.)

லில்லி அழைத்துத் திட்டுவாள்.

"அண்ணே, இத யாரு அனுப்பினா?"

"வந்துச்சு."

"எங்கேருந்து வந்துச்சு?"

"போன்லேருந்து."

நல்லது நினைத்துத்தானே அனுப்புகிறேன். நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று. இதில் என்ன குற்றம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கவில்லை.

வைவாவுக்கு இரண்டு வருடம் முந்தி ஒரு சம்பா அறுவடை. ஒரு காலையில் எனக்கு ஒரு செய்தி வந்தது. நெல் கொள்முதல் நிலையம் நாளையோடு மூடுகிறார்கள், சாக்கு இல்லை, இன்று கொண்டுவராத நெல்லை எடுக்க மாட்டார்கள். எழுத்தில் இருந்தது. சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒருவன் போட்டது. அவன் ஊர் நிலையத்துக்கு ஒரே ஒரு நாள் சாக்கு வரவில்லை. அதைத்தான் அவன் அப்படி எழுதியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் ஊரில் கண் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அதைப் பேசி அனுப்பினேன். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தோணி பேசுறேன். கேக்குதா. கொள்முதல் நிலையம் நாளையோட மூடுறான். நம்ம ஊர்லயுந்தான். இன்னைக்கே ஏத்துங்க. கேக்குதா." அவ்வளவுதான். "நம்ம ஊர்லயுந்தான்" என்பது மட்டும் நான் சேர்த்தது. சீர்காழியில் மூடினால் இங்கே மட்டும் திறந்தா வைப்பார்கள். யோசித்துத்தான் சேர்த்தேன்.

மதியத்துக்குள் ஐந்தாறு ஊர் டிராக்டர்களும் ரோட்டில் நின்றன. காயாத நெல்லையெல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். நிலையத்தில் ஈரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகச் சொன்னார்கள். பின்னால் வழி இல்லை. கும்பகோணம் டவுன் பஸ் நடுவில் மாட்டிக்கொண்டது. சாயந்திரம் தூறல். தார்ப்பாய்க்கு அடிதடி. நிலையம் மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும் திறந்திருந்தது.

நானும் நெல்லோடு நான்கு நாள் அந்த வரிசையில் நின்றேன். இதை யாரும் சொல்வதில்லை. நான் பரப்பினேன் என்கிறார்கள். நானும் நனைந்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அடுத்த வருடம் நடவு நேரத்தில் லில்லி ஒரு கட்டுத் தாளோடு ஊருக்கு வந்தாள். வீடு வீடாகப் போனாள். எல்லோர் கைபேசியிலிருந்தும் பழைய செய்திகளைக் கேட்டு வாங்கினாள். வயலுக்கும் வந்தாள். அப்போது மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து மடையை அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வரப்பில் நின்று ஏதோ தாளைப் பார்த்து வாசித்தாள். கடைசியில் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கம் இல்லை. அப்பா போகும்போது அவள் மூன்றாம் வகுப்பு. அதிலிருந்து ரேங்க் கார்டு, ஹாஸ்டல் பாரம், பேங்க் கடன் பாரம், எல்லாவற்றிலும் நான்தான். அவள் நீட்டுவாள், நான் போடுவேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படித்தால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் அல்லவா.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன்.

லில்லி இங்கிலீஷில் பேசினாள். நன்றாகப் பேசினாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் திக்காமல் பேசினாள். நான் பொன்னாடைப் பையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகப் போனது.

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. நிறையச் சின்னப் புள்ளிகள். மீன் குஞ்சு மாதிரி. நடுவில் ஒரு பெரிய சிவப்பு வட்டம், பூசணிக்காய் அளவு. அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள். மூலையில் தனியாக ஒரு சின்னப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் சீர்காழி என்று எழுதியிருந்தது. ஊர்ப் பெயரை எந்த மொழியில் எழுதினாலும் நான் படித்துவிடுவேன். பஸ் பார்த்துப் பழக்கம்.

"பாவம், யாரோ மாட்டியிருக்கான்" என்று பாத்திமாவிடம் சொன்னேன்.

அவள் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

லில்லி ஒரு பொத்தானை அமுக்கினாள். ஒரு குரல் கேட்டது. கீச்சுக் குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. "கேக்குதா. கொள்முதல் நிலையம் நாளையோட மூடுறான்." தொடக்கத்தில் பேர் வருகிற இடத்தை வெட்டியிருந்தாள். குரலையும் மாற்றியிருந்தாள், ஆள் தெரியக் கூடாது என்று. ஆனால் பின்னால் டிராக்டர் ஓடியது. என் டிராக்டரின் சைலன்சரில் ஒரு ஓட்டை உண்டு. மூன்று முறை டபடப என்று அடித்துவிட்டு ஒரு முறை விக்கும். எத்தனை ஊர் டிராக்டர் ஓடினாலும் அந்த விக்கல் எனக்குத் தெரியும்.

மாணவர்கள் சிரித்தார்கள்.

நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். அந்த அறையில் வெளியாள் ஒருவருக்கும் அது நான் என்று தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாதபடி என் தங்கை செய்து வைத்திருந்தாள். ஆறு வருடப் படிப்பு அது. நான் எழுந்து நின்றேன்.

"அது என் வண்டி."

பாத்திமா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, உக்காருங்க."

"என் வண்டிடி. குரலையும் கெடுத்து வச்சிருக்கா. நான் என்ன அப்படியா பேசுறேன்?"

"அய்யோ, உக்காருங்கங்கிறேன்ல."

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், நீங்க யாரு?"

"அந்தோணிசாமி. இவ அண்ணன். அந்த செவப்பு வட்டம் நானா?"

லில்லி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சீர்காழிக்காரந்தான மொதல்ல போட்டான்? அவன் ஏன் அவ்ளோ சின்னதா இருக்கான்? நான் ஏன் அவ்ளோ பெருசா இருக்கேன்?" என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசியதில் அதுதான் நீளம்.

மாணவர்கள் இந்த முறை அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இந்தக் குரல் பதிவ ஆராய்ச்சியில பயன்படுத்த நீங்க சம்மதம் குடுத்தீங்களா?"

"இல்ல."

"எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இதுக்கெல்லாம் நான் போடல."

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். கேட்டால் சொல்ல வேண்டாமா. லில்லியின் முகம் நாற்றுப் பிடுங்கிய நாற்றங்கால் மாதிரி ஆனது.

தேர்வாளர் வசந்தா மேடம் பக்கம் திரும்பினார். "மேடம், சம்மதம் இல்லாம எடுத்ததுன்னா அஞ்சாவது அத்தியாயம் நிக்காது. அதுதான் இந்த ஆராய்ச்சியோட முதுகெலும்பு. எடுத்துட்டுத் திருப்பி எழுதணும்னா ஆறு மாசம் ஆகும். இப்ப நிறுத்திக்கலாம்."

பன்னிரண்டு நாள் இருந்தது என்று சொன்னேன் அல்லவா.

மேடம் எழுந்தார். "தாள் எல்லாம் என் பீரோவுல இருக்கு சார். எடுத்துட்டு வர்றேன். அது வரைக்கும் இவங்க குடும்பம் வெளில இருக்கட்டும்."

எங்களை வெளியே அனுப்பினார்கள். நடைபாதையில் தண்ணீர் கேன் பக்கம் நின்றேன். டீக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஊத்தவா சார்?"

"வேணாம்."

"சமோசா ஆறிடும் சார்."

சூசை மாமா என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"என்ன மாப்ள, பட்டம் உண்டா, இல்லியா?"

நான் தண்ணீர் கேனின் குழாயைத் திறந்து மூடினேன்.

"உண்டு இல்லன்னு சொல்லு. ஊர்ல கேக்குறாங்கல்ல."

"செத்த சும்மா இருங்க மாமா."

"நான் சும்மாத்தான இருந்தேன். உள்ள எந்திரிச்சு நின்னது நீதான."

பாத்திமா சுவர்ப் பக்கம் திரும்பி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. குடும்ப குரூப்பில் எல்லோரும் கேட்டார்கள். முடிந்ததா, ஸ்வீட் எப்போது, போட்டோ போடு. திருத்துறைப்பூண்டி திரேசா சித்தி மட்டும் ஐந்து தடவை கேட்டிருந்தார். யாருக்காவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. மைக்கை அமுக்கினேன்.

"லில்லிக்குப் பட்டம் இல்லன்னுட்டாங்க. என்னாலதான். யாரும் போன் பண்ணாதீங்க."

அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். இதில் யாருடைய தூண்டுதலும் இல்லை. சீர்காழிக்காரன் இல்லை. சூசை மாமாகூட இல்லை. நானே விதைத்து நானே அறுத்தது.

கால் மணி நேரத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வாளர் முன்னால் ஒரு தாள் இருந்தது. ஓரத்தில் சேறு. நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம், அதுவும் சேறு. கீழே என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்தா சார்?"

"ம்."

"இல்லன்னீங்களே?"

"இது வேற எதுக்கோன்னு நெனச்சேன்."

லில்லி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழுத குரல். "ஒவ்வொரு கேள்வியா தமிழ்ல வாசிச்சேன் அண்ணே. உன் பழைய பதிவ எடுத்துக்கலாமான்னு கேட்டேன். நீ 'ம்'ன்னே. குரல மாத்திக் கூட்டத்துல போட்டுக் காட்டலாமான்னேன். அதுக்கும் 'ம்'ன்னே. எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்லலாம், புரிஞ்சுதான்னேன். 'ம்'ன்னே."

"நான் மடை அடச்சுக்கிட்டிருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"நீ எப்பவுமே 'ம்'முதான சொல்லுவ. சரின்னா ம், இல்லன்னா ம், சோறு போடவான்னா ம்."

தேர்வாளர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"சார், இப்ப நிதானமாப் படிங்க. தமிழ்லதான் இருக்கு. படிச்சுட்டு சம்மதமா இல்லியான்னு சொல்லுங்க. வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. சொன்னா யாரும் உங்களக் கேள்வி கேக்க மாட்டாங்க. அந்த அத்தியாயத்த எடுத்துருவோம்."

நான் உட்கார்ந்தேன். விரலை வைத்துப் படித்தேன். இரண்டு பக்கம். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மாணவர் இருமினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் முழுதாகப் படித்த முதல் தாள் அது. நல்லவிதமாகவே எழுதியிருந்தாள். பேர் வராது, ஊர் வராது, உங்களைக் குற்றம் சொல்வது நோக்கம் இல்லை என்று எழுதியிருந்தது. எண் ஒன்பது என்று எனக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்" என்றேன்.

"கேளுங்க சார்."

"அந்த வட்டத்தக் கொஞ்சம் சின்னதாப் போட முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை. லில்லியைப் பார்த்தேன். சரி என்று அவள் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினால் போதும், நானும் உடனே கையெழுத்துப் போட்டிருப்பேன். வேலை, பட்டம், பன்னிரண்டு நாள், எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தது.

"முடியாது அண்ணே. நெசமாவே அவ்ளோ பெருசுதான்."

எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் இவள் பொய்யை ஆராய்ச்சி செய்கிறவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் அவ்ளோ பெருசு? அத மட்டும் சொல்லு."

"சீர்காழிக்காரரு போட்டத நாலஞ்சு பேருதான் தள்ளுனாங்க. நீ பேசுனதத்தான் எல்லாரும் தள்ளுனாங்க. ஏன் தள்ளுனீங்கன்னு வீடு வீடாக் கேட்டேன். அந்தோணி வாயத் தொறக்க மாட்டான், அவனே தொறந்து சொல்றான்னா நெசமாத்தான் இருக்கும்னாங்க. அஞ்சாவது அத்தியாயமே அதான் அண்ணே. அதிகம் பேசாத ஆள் சொன்னா ஜனங்க நம்புவாங்க."

பாராட்டா, ஏச்சா என்று தெரியவில்லை. இவ்வளவு வருடம் வாயை மூடிக்கொண்டு சேர்த்த மரியாதை முழுவதும் ஒரே காலையில் செலவாகியிருக்கிறது. அதையும் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

பேனாவை வாங்கிப் பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று போட்டேன்.

"சம்மதம்" என்றேன். 'ம்' என்று சொல்லவில்லை.

அதன் பிறகு கேள்விகள் அரை மணி நேரம். தேர்வாளர் எழுந்து லில்லிக்கு முனைவர் பட்டம் தரலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். கை தட்டினார்கள். பொன்னாடையை நான்தான் அவருக்குப் போர்த்த வேண்டும். போர்த்தும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "சார், வண்டி சைலன்சர மாத்திருங்க." நான் மாற்றவில்லை. ஓட்டை என்றால் ஓட்டைதான். சமோசா ஆறிப் போயிருந்தது. மாணவர்கள் சாப்பிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் கைபேசியை மறந்துவிட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. மற்றவையெல்லாம் சின்னத் தப்புகள்.

சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்வீட் பாக்ஸ்களோடு ஊருக்குள் வந்தோம். மாதா கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. மைக்கில் மன்றாட்டு கேட்டது. "பட்டம் கிடைக்காமல் மனம் உடைந்திருக்கும் சகோதரி லில்லிக்காகவும், அதற்குக் காரணமான அவருடைய அண்ணனுக்காகவும்." ஊரே பதில் சொன்னது. லில்லி வண்டிக்குள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன அனுப்புன?"

கைபேசியை எடுத்து ஆன் பண்ணிக் கொடுத்தேன். கேட்டாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் இருந்தது.

வீடு வீடாக ஸ்வீட் கொடுத்தோம். பாஸ் பண்ணிவிட்டாள் என்றேன். பக்கத்து வீட்டு ஞானம் பாக்ஸை வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"பரவால்லப்பா. வருத்தத்த வெளில காட்டிக்காம ஸ்வீட் குடுக்குற பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும்."

"நெசமா பாஸ் பண்ணிட்டா."

"சரிப்பா, சரி."

லில்லி சொன்னாள், நீயே பேசித் திருத்து என்று. திண்டாடிப் பேசினேன். சம்மதத் தாள், சேறு, மடை, தேர்வாளர், எல்லாவற்றையும் விளக்கினேன். ஒன்றரை நிமிடம். நான்கு குரூப்பிலும் போட்டேன். அன்று முழுக்க யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் திரேசா சித்தி பாத்திமாவை அழைத்தார்.

"அந்தோணி இவ்ளோ பேச மாட்டானே. தங்கச்சிக்காக என்னென்னமோ சொல்றான், பாவம். அவனத் திட்டாதம்மா."

ஏழு வார்த்தை பேசியபோது நம்பினார்கள். ஒன்றரை நிமிடம் உண்மையைப் பேசினால் நம்பவில்லை. இதற்கு நான் யாரைக் குறை சொல்வது. அத்தியாயம் ஐந்தைத்தான் சொல்ல வேண்டும்.

லில்லி திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நானே பார்த்தேன், படித்தேன். திருத்துறைப்பூண்டியில் இன்னும் அவள் பெயிலானவள்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் திரேசா சித்தி அவள் கன்னத்தைத் தடவி, "அடுத்த தடவை எழுதும்மா, பாஸாயிருவ" என்றார். லில்லி "சரி சித்தி" என்றாள். விளக்கப் போகவில்லை. இவள்தான் பொய்யைத் திருத்துவது எப்படி என்று பாடம் எடுக்கிறாள்.

வீட்டில் எனக்குச் செவப்பு வட்டம் என்றுதான் பெயர். சாப்பிடக் கூப்பிடுவதும் அப்படித்தான். நான் ஏதாவது சொன்னால் பாத்திமா, "இதுக்கு யாரு சம்மதம் குடுத்தா?" என்கிறாள். "ம்" என்று சொன்னால் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைக்கிறாள்.

லில்லி இதையும் வைத்துப் புதிதாக ஒரு கட்டுரை எழுதுகிறாள். சம்மதத் தாளைத் தபாலில் அனுப்பியிருந்தாள். உட்கார்ந்து படித்துவிட்டுப் போட்டேன். சொந்தக்காரர்கள், குரூப்காரர்கள் எல்லோரையும் அழைத்து, உங்களுக்கு எது வந்தது, நீங்கள் எதைத் தள்ளினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பட்டம் இல்லை என்று நான் பேசியது போன குரூப்கள் நாற்பத்தாறு. இதற்கும் ஒரு வட்டம் உண்டாம். எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை.

என் திருத்தத்தைத் தள்ளிவிட்டவர்களையும் எண்ணியிருக்கிறாள். பாத்திமா ஒன்று. அந்தக் கல்லூரி டீக்காரர் ஒன்று, அவரும் விவசாயிகள் குரூப்பில் இருக்கிறாராம்.

இரண்டு.